பழைய பாணிக் கூடைப்பந்து ஷூ அன்றாடம் அணிய ஏற்றதா?

குரோம்பேட்டைவாசி | ஆகஸ்ட் 3, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குச் சென்று வருகிறேன். நிலையத்திலிருந்து அலுவலகம் பன்னிரண்டு நிமிட நடை. அலுவலகத்தில் உடைக்கட்டுப்பாடு கிடையாது. பெரும்பாலும் ஜீன்ஸ் அல்லது பருத்திக் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும்தான். இதுவரை ஓட்டத்துக்கான ஷூ ஒன்றையே எல்லா இடத்துக்கும் போட்டு வந்தேன். நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர் வழி தவறி அலுவலகத்துக்குள் நுழைந்ததுபோல் இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை.

பழைய பாணிக் கூடைப்பந்து ஷூக்கள் மீது சில மாதங்களாகக் கண் இருக்கிறது. கணுக்காலை மூடும் ஏர் ஜோர்டான் 1 போன்றது ஒன்று, உயரம் குறைந்த வெள்ளை நிற ஏர் ஃபோர்ஸ் 1 போன்றது ஒன்று, இந்த இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடுகிறது. அதிகபட்சம் 9,000 ரூபாய் செலவிடலாம். நான் வாழ்நாளில் கூடைப்பந்து ஆடியதில்லை. பாதம் சற்று அகலம். சென்னையின் வெயிலிலும் மழையிலும் இதை நாள்தோறும் அணிய முடியுமா, அல்லது வாரத்துக்கு ஒருநாள் அழகுக்குப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய பொருளா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றுபுள்ளி | ஆகஸ்ட் 3, இரவு 10.05

நண்பரே, ஆடாதவர் இதை அணிந்தால் வேடம் போட்டதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதை முதலில் விட்டுவிடுங்கள். நான் கல்லூரி அணியில் நான்கு ஆண்டுகள் ஆடியவன். எங்கள் காலத்திலேயே இந்தப் பழைய மாதிரிகளை அணிந்து யாரும் ஆடுகளத்தில் இறங்கியதில்லை. ஆட்டம் இவற்றை எப்போதோ கைவிட்டது; தெருதான் எடுத்து வளர்த்தது.

கான்வர்ஸ் ஆல் ஸ்டார் 1917இல் வந்தபோது அது கேன்வாஸ் துணியும் ரப்பரும் மட்டுமே. 1969இல் அடிடாஸ் நிறுவனத்தின் சூப்பர்ஸ்டார் தோல் மேற்பகுதியோடும், விரல்களுக்கு மேல் சிப்பி போன்ற ரப்பர் மூடியோடும், கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் விளிம்போடும் வந்தது. கரீம் அப்துல் ஜப்பார் போன்ற பெரிய ஆட்டக்காரர்களே அணிந்த ஷூ அது. 1973இல் நியூயார்க் நிக்ஸ் அணியின் வால்ட் ஃப்ரேசியருக்காகப் பூமா நிறுவனம் கிளைட் என்ற ஸ்வேட் தோல் (மேற்பரப்பு வெல்வெட் போல் மென்மையாக இருக்கும் தோல்) ஷூவை வெளியிட்டது. ப்ரூஸ் கில்கோர் வடிவமைத்த ஏர் ஃபோர்ஸ் 1 பிறந்தது 1982இல். குதிகாலுக்கு அடியில் காற்றுப்பை வைத்து நைக்கி செய்த முதல் கூடைப்பந்து ஷூ அதுதான். அதன் தயாரிப்பை நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நிறுத்தியபோது, பால்டிமோர் நகரத்துக் கடைக்காரர்கள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் அது திரும்பி வந்தது. அவர்கள் கடையில் வரிசையில் நின்றவர்கள் எத்தனை பேர் பந்தைத் தொட்டிருப்பார்கள்?

விளையாட்டும் நமக்கு அந்நியமானது அன்று. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தை உருவாக்கியது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், நந்தனத்தில் இன்று இருக்கும், 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்வியியல் கல்லூரியும் அதே இயக்கத்தின் பிள்ளைதான். ஆகையால் தாராளமாக அணியுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், உயரமானதையே வாங்குங்கள் என்பேன். அந்த வடிவத்தின் அழகே கழுத்துப் பகுதியில்தான் இருக்கிறது.

அடையாறு ஆலமரம் | ஆகஸ்ட் 4, காலை 6.35

தம்பி மூன்றுபுள்ளி வரலாற்றை அழகாகச் சொன்னார். ஆனால் கேட்டவர் கேட்டது நாள்தோறும் அணிய முடியுமா என்பது. பால்டிமோரில் யாரும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதில்லை.

குரோம்பேட்டைவாசி அவர்களே, ஷூவை வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். ஒரு நாளில் எத்தனை முறை காலணியைக் கழற்றிப் போடுகிறீர்கள் என்று எண்ணுங்கள். வீட்டு வாசல், உறவினர் வீடு, கோயில், சில மருத்துவமனைகள், சில துணிக்கடைகளின் மெத்தை விரித்த பகுதி, குழந்தையின் நடன வகுப்பு என்று எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். எட்டு ஒன்பது துளைகளில் லேஸ் கோத்த, கணுக்காலை இறுக்கும் ஒரு பொருளை அத்தனை முறை குனிந்து அவிழ்த்து மறுபடி கட்டும் பொறுமை உங்களுக்கு இருந்தால் வாங்குங்கள். எனக்கு 63 வயது. என் மகன் வாங்கித் தந்த அப்படிப்பட்ட ஒரு ஷூவை மூன்றே முறை அணிந்தேன். மூன்றாம் முறை ஒரு திருமண மண்டபத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது பந்தி முடிந்துவிட்டது.

பெரியமேடு | ஆகஸ்ட் 4, பகல் 1.15

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன். முதலில் ஒரு பொருத்தம்: குரோம்பேட்டை என்ற பெயரே அங்கே இருந்த குரோம் தோல் ஆலையால் வந்தது. இந்த வகை ஷூக்களின் மேற்பகுதியும் பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்ட தோல்தான். ஆகவே நீங்கள் விரும்பும் ஷூவுக்கும் உங்கள் ஊருக்கும் ஏற்கெனவே உறவு இருக்கிறது.

தோலைப் பற்றி. கடையில் தோல் ஷூ என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விலை குறைந்த மாதிரிகளில், தோலைக் கிடைமட்டமாகப் பிளந்து எடுத்த கீழடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு பூசியிருப்பார்கள். அது முதல் நாள் பளபளக்கும். பிறகு விரல் மடியும் இடத்தில் பூச்சு வெடித்து உரியும். கட்டைவிரலால் முன்பகுதியை அழுத்திப் பாருங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் பல விழுந்து, விரலை எடுத்ததும் மறையும். பூச்சு கனமானதில் ஒரே தடித்த மடிப்பு விழும். நீங்கள் சொன்ன இரண்டு மாதிரிகளிலும் விரல்களுக்கு மேலே சிறு துளைகள் இருக்கும். அவை அலங்காரம் அல்ல. காற்று போகும் ஒரே வழி பெரும்பாலும் அதுதான். துளைகள் உள்ளே வரை திறந்திருக்கின்றனவா, அல்லது பின்புறத்தில் லைனிங் துணி தடுக்கிறதா என்று பாருங்கள்.

சோல் பற்றி. பழைய கேன்வாஸ் ஷூவில் ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி வெப்பத்தில் வேகவைத்து இறுக்குவார்கள். அது மெலிந்தும் வளைந்தும் கொடுக்கும், ஆனால் கிண்டி நிலையத்துச் சரளைக்கல்லைக்கூட பாதத்துக்குச் சொல்லிவிடும். எண்பதுகளின் பாணியில் உள்ளவற்றில் கிண்ணம் போன்ற ரப்பர் சோலுக்குள் மேற்பகுதியை இறக்கி, ஓரம் முழுவதும் தைத்திருப்பார்கள். அந்தத் தையல்தான் அன்றாடப் பயன்பாட்டுக்கு இந்த ஷூவின் பெரிய தகுதி என்பது என் கருத்து. பசை விட்டாலும் தையல் பிடித்துக்கொள்ளும். தையல் போனாலும் தெருமுனைச் செருப்புத் தைக்கும் தொழிலாளி சரிசெய்துவிடுவார். ஓட்ட ஷூவின் நுரை சோலில் அவர் ஊசி நிற்காது. இதற்குக் கொடுக்கும் விலை எடை. என் வீட்டில் உள்ள ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தபோது ஒற்றைக் கால் ஷூவே அரைக் கிலோவுக்குச் சற்றுத்தான் குறைந்தது. முதல் இரண்டு வாரம் சோல் விறைப்பாகவே இருக்கும். மாடிப்படி ஏறும்போது குதிகால் லேசாகத் தூக்கும்.

பெட்டிக்குள் வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சென்னையில் செய்யக் கூடாத காரியமே அதுதான். பல பழைய பாணி ஷூக்களில் சோலின் நடுவே பாலியூரித்தேன் நுரை இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தோடு அது மெல்ல வினைபுரிந்து சிதைந்துகொண்டே போகும். ஒருமுறைகூட அணியாத ஷூவை ஆறேழு ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் தாண்டியவுடன் சோல் ரொட்டித் துண்டுபோல் உதிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். நம் கடற்கரைக் காற்றில் இது விரைவாகவே நடக்கும். வாங்கினால் அணியுங்கள், அணிய மாட்டீர்கள் என்றால் வாங்காதீர்கள்.

அகலம் பற்றி நாளை எழுதுகிறேன். அதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம்.

குரோம்பேட்டைவாசி | ஆகஸ்ட் 4, இரவு 8.50

இவ்வளவு விரிவான பதிலை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆலமரம் ஐயா, ஒரு வாரம் காத்திருக்க முடியாமல் இன்று ஒருநாளே எண்ணிவிட்டேன். காலையில் வீட்டு வாசலில் ஒருமுறை அணிந்து, மறந்த பணப்பையை எடுக்கத் திரும்பி வந்ததில் ஒருமுறை கழற்றி அணிந்து, மாலையில் பல் மருத்துவமனையில் ஒன்று, அத்தை வீட்டில் ஒன்று, பிறகு வீட்டில் ஒன்று. இத்தனைக்கும் இன்று வெள்ளிக்கிழமை அன்று. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவுடன் கோயிலுக்கும் போவேன். உயரமான ஷூ மீதிருந்த ஆசை பாதி குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மயிலை மாடவீதி | ஆகஸ்ட் 5, காலை 11.00

நான் பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளாக உயரம் குறைந்த சூப்பர்ஸ்டாரைப் பருத்திக் குர்த்தாவுடனும், சில நாள் சேலையுடனும்கூட அணிகிறேன். ஆரம்பத்தில் ஆசிரியர் அறையில் இரண்டொரு பார்வைகள் வந்தன. இப்போது மூன்று பேர் அதேபோல் அணிகிறார்கள். எனவே பொருந்துமா என்ற கேள்விக்கு என் பதில், வெள்ளை அல்லது வெளிர்நிறமாக, ஆரவாரமில்லாத ஒன்றாக இருந்தால் நம் ஊர் உடை எதனோடும் சேரும் என்பதே. சிவப்பும் கறுப்பும் நீலமும் கலந்த அணிவண்ண ஷூக்கள் வேறு கதை. அவற்றைப் போட்டால் சட்டை அமைதியாக இருக்க வேண்டும். கட்டம் போட்ட சட்டை, கோடு போட்ட கால்சட்டை எல்லாம் சேர்ந்தால் திருவிழாக் கடை ஆகிவிடும்.

லேஸ் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் ரன் டிஎம்சி என்ற இசைக்குழுவினர் சூப்பர்ஸ்டாரை லேஸே கோக்காமல், நாக்குப் பகுதியை வெளியே தள்ளி அணிந்துதான் அதைத் தெருவின் ஷூவாக்கினார்கள். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. மீள்தன்மை உள்ள லேஸ் வாங்கி, ஒருமுறை அளவாக முடிந்துவிட்டேன். இப்போது செருப்பு மாதிரிக் காலை நுழைத்தால் போதும். குதிகால் பகுதியை மிதித்து நுழைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், ஆறே மாதத்தில் அங்கே உள்ள விறைப்பு உடைந்துவிடும். சிறிய ஷூ கரண்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். கபாலீஸ்வரர் கோயில் வாசலில் காலணி பாதுகாக்கும் இடத்தில் கொடுக்கும்போது இரண்டு ஷூக்களையும் லேஸால் முடிந்து கொடுப்பேன் என்பது தனி உபாயம். மீள்லேஸ் வந்த பிறகு அது முடியவில்லை.

வெயிலைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்கினி நட்சத்திர நாள்களில் இது கால்களுக்குச் சிறை. பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். சற்றுச் செயற்கை இழை கலந்த மெல்லிய விளையாட்டு சாக்ஸ் மேல். மே மாதம் முழுவதும் நான் செருப்புக்குத் திரும்பிவிடுவேன்.

மூன்றுபுள்ளி | ஆகஸ்ட் 5, பிற்பகல் 3.30

உயரமான ஷூவுக்காகப் பேச நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் போலிருக்கிறது. மேல் இரண்டு துளைகளில் லேஸ் கோக்காமல் விட்டால் அதையும் எளிதில் கழற்றலாம். பலரும் அப்படித்தான் அணிகிறார்கள். எனினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயரமான கழுத்து குறுகலான கால்சட்டையின் ஓரத்தோடு மோதும். துணி அங்கே சுருண்டு நிற்கும். உயரம் சற்றுக் குறைந்தவர்களுக்குக் கால் இன்னும் குட்டையாகத் தோன்றும். எனக்கு உயரம் ஆறடி என்பதால் இதை நான் யோசித்ததே இல்லை. என் தங்கைதான் சுட்டிக்காட்டினாள்.

குரோம்பேட்டைவாசி | ஆகஸ்ட் 5, பிற்பகல் 3.52

என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். மீதிப் பாதி ஆசையும் போய்விட்டது.

பெரியமேடு | ஆகஸ்ட் 5, இரவு 9.10

விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம்மவர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று அந்த ஆய்வு கண்டது. அதை வைத்து ‘பா’ என்ற தனி அளவு முறையையும் முன்மொழிந்தார்கள். ஆனால் கடையில் இன்றும் நமக்குக் கிடைப்பது பிரிட்டன், அமெரிக்க எண்கள்தான். அகலம் போதாதபோது நாம் என்ன செய்கிறோம் என்றால், ஒரு எண் பெரிதாக வாங்கிவிடுகிறோம். அப்போது அகலம் சரியாகும், நீளம் மிஞ்சும். ஷூ மடிய வேண்டிய இடமும் விரல் மடியும் இடமும் விலகிப்போகும். கணுக்கால் வலிக்கும் தோல் வெடிப்புக்கும் பாதிக் காரணம் இதுதான்.

ஏர் ஃபோர்ஸ் 1 பொதுவாகவே எண்ணுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும், முன்பாதத்திலும் இடம் உண்டு. பலர் அரை எண் குறைத்தே வாங்குகிறார்கள். கான்வர்ஸும் எண்ணுக்குப் பெரிது, ஆனால் ஒடுக்கமானது. சூப்பர்ஸ்டாரின் ரப்பர் மூடி நாள்பட்டாலும் விரிந்து கொடுக்காது. முதல் நாள் சுண்டுவிரல் உரசினால் மூன்றாம் ஆண்டும் உரசும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நீங்கள் வழக்கமாக அணியும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். இன்சோலை, அதாவது ஷூவுக்குள் பாதம் படும் உள்தளத்தை, வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஸ்வேட் தோலில் ஆசை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளைட் போன்றவை பார்க்க மிக அழகு. வடகிழக்குப் பருவமழையின் முதல் சேற்றுத் துளியோடு அந்த அழகு முடிந்துவிடும்.

நேற்று வந்தவன் | ஆகஸ்ட் 6, காலை 8.15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே ஷூவை வார இறுதியில் ஆடுகளத்திலும் பயன்படுத்தலாமா?

மூன்றுபுள்ளி | ஆகஸ்ட் 6, காலை 8.40

பந்தை வளையத்தில் போட்டுப் பழகுவதற்குச் சரி. ஓடிக் குதித்து முழு ஆட்டம் ஆடுவதற்கு வேண்டாம். சோலில் முன்பாதத்துக்குக் கீழே வட்ட வட்டமாக ஒரு கோலம் இருக்குமே, அது ஒற்றைக் காலில் சுழன்று திரும்புவதற்காக அன்று செய்த ஏற்பாடு. கிண்டித் தெருவில் நடந்து நடந்து அது தேய்ந்த பிறகு அதே ஷூவோடு மரத்தரையில் இறங்கினால் வழுக்கும். மெட்ரோ நிலையத்தில் துடைத்து ஈரமாக இருக்கும் கிரானைட் தரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

குரோம்பேட்டைவாசி | ஆகஸ்ட் 10, இரவு 10.10

நேற்று மாலை வேளச்சேரியில் ஒரு வணிக வளாகத்துக்குப் போய், மூன்று கடைகளில் ஏறி இறங்கினேன். உயரமானதையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். விற்பனையாளர் மிக நன்றாக இருக்கிறது என்றார், உடன் வந்த மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. சூப்பர்ஸ்டாரில் பெரியமேடு ஐயா சொன்னதுபோலவே சுண்டுவிரல் முட்டியது. இன்சோலை வெளியே எடுக்க வேண்டும் என்றதும் விற்பனையாளர் முதலில் விழித்தார். பிறகு அவரும் தன் ஷூவைக் கழற்றி அவருடைய பாதத்தையும் வைத்துப் பார்த்தார். அவருடையது வழிந்தது!

கடைசியில் உயரம் குறைந்த ஏர் ஃபோர்ஸ் 1, வழக்கமான எண்ணில் அரை குறைத்து, முழு வெள்ளைக்குப் பதிலாகச் சற்று மங்கலான தந்த நிறத்தில் வாங்கினேன். பையில் ஷூ கரண்டியும் இருக்கிறது. ஆலமரம் ஐயா, கழற்றி மாட்ட ஒரு காலுக்கு எனக்கு ஏழு விநாடி ஆகிறது.

அடையாறு ஆலமரம் | ஆகஸ்ட் 11, காலை 6.20

பந்தி முடிவதற்குள் வந்துவிடலாம். நன்றாக அணியுங்கள். ஆனால் அக்டோபரில் மறுபடி வந்து எழுதுங்கள். சென்னையில் ஆகஸ்ட் மாதத்தில் எல்லா ஷூவும் நல்ல ஷூதான்.

குரோம்பேட்டைவாசி | அக்டோபர் 24, இரவு 9.35

சொன்னபடி வந்துவிட்டேன். பதினோரு வாரத்தில் ஏறத்தாழ ஐம்பது நாள் அணிந்திருப்பேன். முதல் பத்து நாள் குதிகாலில் உரசல் இருந்தது, பிறகு நின்றுவிட்டது. எடை இன்னும் தெரிகிறது. குறிப்பாக ரயிலைப் பிடிக்க ஓடும்போது. சட்டையோடு சேரவில்லை என்ற பேச்சு வீட்டில் இல்லை. விரல் பகுதியில் மெல்லிய மடிப்புகள் விழுந்திருக்கின்றன, பூச்சு உரியவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து அணிந்தால் உள்ளே ஈரவாடை வருகிறது என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டுமே அணிகிறேன்.

சென்ற வாரம் முதல் பெருமழையில் நன்றாக நனைந்துவிட்டது. மொட்டைமாடி வெயிலில் வைக்கலாம் என்று அம்மா சொன்னார், வைக்கவில்லை. இப்போது மழை நாள்களில் ரப்பர் செருப்போடு வந்து, ஷூவை அலுவலக இழுப்பறையில் வைத்துக்கொண்டு அங்கே மாற்றிக்கொள்கிறேன். மூடிய இழுப்பறையில் வைப்பது சரிதானா?

பெரியமேடு | அக்டோபர் 25, பகல் 12.40

மொட்டைமாடியில் வைக்காதது நல்லது. நேர் வெயிலில் தோல் விறைத்துச் சுருங்கும், ரப்பர் ஓரம் மஞ்சளாகும். நனைந்தால் இன்சோலைத் தனியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள்.

குளிரூட்டிய அறையாக இருந்தால் இழுப்பறையில் வைக்கலாம். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மட்டும் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தித் துணிப்பை போதும். வெள்ளிக்கிழமை மாலை குளிரூட்டியை நிறுத்திவிடுவார்கள் என்றால், அன்று வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.